எறும்புகளின் தலை தீபாவளி

நாலுவேம்பு காலனியில் எறும்புகளுக்குத் தலை தீபாவளி கொண்டாடிய அதே வருஷம்தான் குருவம்மாள் தன் மருமகளைத் தலை தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொண்டதால் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாது. எறும்பிலிருந்தே ஆரம்பிப்போம், முதலில் கிளம்பிப் போனவை அவைதான்.

கரிசல் காட்டுக்கு நடுவே, பைபாஸ் ரோட்டிலிருந்து டவுன் பஸ் திரும்பும் முக்கில் இருக்கிறது காலனி. அங்கே பாதிப் பேர் கடலை வறுக்கிறவர்கள், மீதிப் பேர் வறுத்ததை மிட்டாயாக்குகிறவர்கள், இரண்டுக்கும் போகாதவர்கள் அதைப் பாக்கெட் போட்டுக் கடைகடையாகக் கொண்டுபோகிறவர்கள். வெல்லப்பாகின் வாசனை சேலையில், தலைமுடியில், தலையணையில், ரேஷன் கார்டில் என்று எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்திருக்கும், ஆகவே எறும்பு இல்லாத வீடு என்று ஒன்று அங்கே கிடையாது. உப்பு டப்பாவுக்குக்கூட எறும்பு வரும், எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இதை ஒரு பெருமை என்று யாரும் நினைத்ததில்லை, நஸீமா வந்து கேட்கும்வரை.

நஸீமா மலையடிவாரத்தில் இருந்த ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பெண். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பை நிறைய விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள். நாடு முழுக்க எந்த ஊரில் எந்த எறும்பு இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறோம், ஊர் ஊராகப் போய் நாங்களே பிடிக்க ஆள் காணாது, மனசு இருக்கிறவர்கள் பிடித்துக் கொடுத்தால் போதும், வீட்டுக்கு ஒன்று, காசு பணமெல்லாம் கிடையாது, ஆனால் நாங்கள் போடும் வரைபடத்தில் உங்கள் ஊர் இருக்கும் என்று அவள் சொன்னபோது தண்ணீர் டேங்க் நிழலில் கூடியிருந்த பெண்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. முந்தானையை உதறினால் விழுகிற சாமானுக்கு மலையிலிருந்து ஒருத்தி பஸ் ஏறி வந்திருக்கிறாளே என்று சிரித்தார்கள்.

"ஏம்மா, இந்தா வரிசை கட்டிப் போகுதே, இதுக பொம்பளையா ஆம்பளையா?" என்று ஒருத்தி விளையாட்டாகக் கேட்டாள்.

"வெளிய நடமாடி வேலை பாக்கிறது அத்தனையும் பொண்ணுதாங்க" என்றாள் நஸீமா.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பெண்களின் கண்கள் தரையில் போய்க்கொண்டிருந்த வரிசையின் மேல் விழுந்து, அப்படியே கொஞ்ச நேரம் அதோடு நடந்தன. பிறகு எல்லோரும் குருவம்மாளின் முகத்தைப் பார்த்தார்கள், ஏனென்றால் காலனியில் எந்த விஷயமும் அவள் வாயைத் திறந்த பிறகுதான் விஷயமாகும்.

குருவம்மாள் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவள். வெல்லம் கொதிக்கும் பெரிய கொப்பரையின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, ஒரு சொட்டுப் பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு, அது இறுகி, எடுத்துத் தட்டும்போது டங்கென்று சத்தம் கேட்டால்தான் இறக்கு என்பாள். அவள் இறக்கு என்று சொல்லாமல் முதலாளி சொன்னால்கூட அடுப்பு அணையாது. புருஷன் போன பிறகு தனியாளாக நின்று ஒரே மகன் வேல்ராஜை ஆளாக்கி, கம்பெனி வேனுக்கு டிரைவராக்கி, அந்த வருஷம் வைகாசியில் தங்கமாரியைக் கட்டி வைத்தவள். இதெல்லாம் சேர்ந்து அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதிலும் 'ஆம்பளப் பிள்ளையப் பெத்தவ நான்' என்பதை நாலு பேச்சுக்கு ஒருமுறை சொல்லாவிட்டால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எதிர்வீட்டுப் பாக்கியத்தாய் வரிசையாகப் பெண்களைப் பெற்றவள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்குவாள்.

"கேட்டுக்க தாயி" என்றாள் குருவம்மாள் நஸீமாவிடம். "இங்கருந்து போனா இனிமே அங்கயேதான் கெடக்கப் போகுது. திரும்ப வராது. சுத்தி இருக்கிறது பூராத் தெரியாத மூஞ்சி. அப்ப இது கட்டிக்குடுக்கிற கணக்குத்தான. ஆடி மாசத்துல எவளாவது பொண்ணக் கட்டிக்குடுப்பாளா? ஆவணி பெறந்ததும் வா."

நஸீமாவுக்கு வேறு ஊர்களும் இருந்தன, முடிக்க வேண்டிய கெடுவும் இருந்தது. ஆனாலும் அவள் பையை மூடிக்கொண்டு போனாள், ஆவணி பிறந்ததும் சொன்னபடி வந்தாள். வந்தவள் ஒளிவு மறைவு இல்லாமல் இன்னொன்றையும் சொன்னாள்: குப்பியில் இருப்பது ஸ்பிரிட், போட்டதும் எறும்பு இறந்துவிடும்.

"கட்டிக்குடுத்தா மட்டும் என்னவாம்" என்றாள் குருவம்மாள். "அதுவும் ஒரு முங்குதான். முங்கி எந்திரிக்கிறவ எந்திரிப்பா."

அப்படியாக, ஆவணியில் ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில், நாலுவேம்பு காலனி தன் எறும்புகளை ஆராய்ச்சிக்குக் கட்டிக்கொடுத்தது. பிஸ்கட் தூளை வைத்துப் பிடியுங்கள் என்று நஸீமா சொல்லியிருந்தாள். கடலைமிட்டாய் ஊரில் பிஸ்கட்டா என்று கேட்டு, அவரவர் வீட்டு மிட்டாயைத்தான் வைத்தார்கள். வந்ததில் நடை நன்றாக இருந்த ஒன்றை எடுத்து, காலில் மஞ்சள் தொட்டு வைத்து, கூறைக்குப் பட்டுச்சேலையிலிருந்து ஓர் இழை, வழியில் பசித்தால் ஒரு கடுகளவு மிட்டாய், நெற்றி எது என்று தெரியாததால் குத்துமதிப்பாகக் குங்குமம் என்று சீர் செய்து குப்பியில் விட்டார்கள். எறும்பைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது என்று நஸீமா வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். வெறுங்கையோடு அனுப்பினால் நாளைக்கு அங்கே அவளை யார் மதிப்பார்கள் என்று வீடு வீடாகத் திருப்பிக் கேட்டார்கள்.

குருவம்மாளின் சீர்தான் எல்லாவற்றிலும் பெரிது. அவளுக்கு அதுவரை யாருக்கும் சீர் கொடுத்துப் பழக்கமில்லை, வாங்கித்தான் பழக்கம். தங்கமாரி கொண்டுவந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இது கனம் போதாது என்று ஒதுக்கி வைத்த கை அது. அந்தக் கை அன்று முதல்தரக் கடலைப் பருப்பைப் பொடியாக உடைத்து, முதல் பாகில் பிடித்து, எறும்புக்கு ஏற்ற அளவில் மிட்டாய் உருட்டியது. கடைசியில் மூடி கொஞ்சம் ஆடுவதைப் பார்த்ததும், இவ்வளவு தூரம் போகிறவள், வழியில் சீர் சிந்திவிட்டால் என்ன ஆவது என்று, கொப்பரையிலிருந்து சுடச்சுடப் பாகை எடுத்து மூடியைச் சுற்றி ஊற்றி அடைத்தாள். பாகு ஆறிக் கண்ணாடிபோல் இறுகியது. யாருக்கும் தோன்றாதது இவளுக்குத் தோன்றிற்றே என்று காலனியே மெச்சிக்கொண்டது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் முக்கில் ஒரு பிளெக்ஸ் பேனர் எழுந்தது. 'ஆராய்ச்சிக்கு எறும்பு வழங்கிய நாலுவேம்பு காலனி உங்களை வரவேற்கிறது' என்று எழுதி, நடுவில் யானை அளவுக்கு ஓர் எறும்பின் படம், சுற்றிலும் வழங்கியவர்களின் முகங்கள். டவுன் பஸ் கண்டக்டர் அதுவரை 'டேங்க் ஸ்டாப்' என்று கத்திக்கொண்டிருந்தவர் 'எறும்பு காலனி இறங்கு' என்று மாற்றிக்கொண்டார், இறங்குகிறவர்களும் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்கள்.

புரட்டாசி முடியும்போது வேல்ராஜுக்குப் போன் வந்தது. மேலக்காட்டிலிருந்து மாமியார் சண்முகக்கனி பேசினாள். தங்கமாரியின் அப்பா மாடிப்படியில் வழுக்கிக் காலில் கட்டுப் போட்டுக் கிடக்கிறார், நேரில் வந்து தாம்பூலம் வைக்க முடியவில்லை, மதினிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, மாப்பிள்ளை அவுகளிடம் பக்குவமாகச் சொல்லித் தலை தீபாவளிக்கு இரண்டு பேரும் வந்துவிட வேண்டும் என்றாள். குருவம்மாள் அப்போது கொப்பரை முன்னால் நின்றாள், கொப்பரை முன்னால் நிற்கிறவள் போனை எடுக்க முடியாது. ஆனால் மகன் வந்து சொன்னதும் அவள் முகம் இறுகியது.

"போன்ல கூப்பிட்டாகளா? அதுவும் ஒங்கிட்டச் சொல்லியா? ஆம்பளப் பிள்ளையப் பெத்தவ நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். தட்டு வச்சு, நேர்ல வந்து, எங்கிட்டக் கூப்பிட்டாத்தான் அனுப்புவேன். இல்லைன்னா தீபாவளி இங்கதான்."

"மாமாவுக்குக் கால் முறிஞ்சு கெடக்கும்மா."

"தட்டு தூக்கறது காலா, கையா?"

வேல்ராஜ் தாயை எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை, வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று மாலை தங்கமாரி தன் அம்மாவுக்குப் போன் போட்டு, அத்தைக்கு வேலை அதிகம், வர முடியாது போலிருக்கிறது என்று மட்டும் சொன்னாள், அந்தப் பக்கம் அவள் அம்மா சரி தாயி, சரி தாயி என்று சொல்லிக்கொண்டே இருந்தது அடுப்படி வரைக்கும் கேட்டது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எறும்புகள் வந்தன.

முதலில் பார்த்தவள் பாக்கியத்தாய். காலையில் வாசல் தெளிக்க வாளியோடு வந்தவள், பைபாஸ் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த வரிசையைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தாள். வழக்கமான வரிசை இல்லை, ஜோடி ஜோடியாக வந்தன. முன்னால் நம் ஊர் எறும்பு, காலில் மஞ்சள் வெளுக்காமல். பக்கத்தில் ஓர் அந்நிய எறும்பு, சில முதுகில் பொன்னிறம், சில நாவல்பழக் கறுப்பு, எல்லாவற்றுக்கும் இறக்கை இருந்தது, இருந்தும் பெண்டாட்டிக்குச் சமமாக நடந்தே வந்தன. டேங்க் அருகில் வரிசை பிரிந்தது, ஒவ்வொரு ஜோடியும் யாரையும் வழி கேட்காமல் அதனதன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றது.

பாக்கியத்தாய் உள்ளே பார்த்துச் சொன்னாள்: "ஏட்டி, ஆரத்தி கரைங்க. தலை தீபாவளிக்கு வந்துருக்காக."

ஸ்பிரிட்டில் முங்கியவை எப்படி எழுந்தன, மலையிலிருந்து எப்படி வந்தன என்று யாரும் கேட்கவில்லை. பெண் வாசலில் வந்து நிற்கும்போது எப்படி வந்தாய் என்றா கேட்பார்கள்? மாப்பிள்ளைகளிடம் லேசாகச் சாராய வாடை அடித்தது, நடையிலும் ஒரு தள்ளாட்டம் இருந்தது. தலை தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளைகளிடம் காலனி காணாத சங்கதி அல்ல அது, ஆகவே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மளிகைக் கடைக்காரர் மட்டும் எறும்பு சாக்பீஸ் டப்பாவை எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார், மாப்பிள்ளை வந்திருக்கிற நேரத்தில் கண்ணில் பட்டால் மரியாதையாக இருக்காது என்றார்.

அடுத்த பிரச்சினை உபசாரம். எண்ணெய்க் குளியல் கட்டாயம், ஆனால் எண்ணெயில் விட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நல்லெண்ணெய் தொட்ட விரலைப் பக்கத்தில் காட்டி, அந்த வாசனை போதும் என்று முடித்தார்கள். வேட்டிக்குக் கரை வைத்த நூல் ஓர் இழை. மோதிரத்துக்கு என்ன செய்வது என்று ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்து, பித்தளைக் கம்பியின் சீவலை வளைத்து முன்னங்காலில் மாட்டலாம் என்று ஒரு வெல்டர் யோசனை சொன்னார். நடக்க இடைஞ்சலாக இருக்கும் என்று மாமியார்கள் அதைப் பக்கத்தில் வைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். வாழை இலையைப் பொட்டளவு நறுக்கிப் பந்தி போட்டார்கள். மிளகாய்ப் பொடியும் அரைத்து விற்கிற ஒரு வீட்டில் கறுப்பு எறும்புக்குச் செவ்வெறும்பு மாப்பிள்ளையாக வந்ததால் அந்த வீட்டுப் பெரியவர் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மூன்றாம் நாள் மாப்பிள்ளை அவர் தட்டிலிருந்து ஒரு சோற்றைத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, நல்ல உழைப்பாளி என்று சமாதானமானார்.

பெருமையோ சொல்லி மாளவில்லை. எங்க மாப்பிள்ளை அஸ்ஸாம், தேயிலைத் தோட்டம் என்றாள் ஒருத்தி. எங்களுது அந்தமான், கடல் தாண்டி வந்திருக்காக என்றாள் இன்னொருத்தி. பொன்முதுகு மாப்பிள்ளை காஷ்மீர் என்று பேசிக்கொண்டார்கள், அவருக்கு இந்த வெயில் ஒத்துக்குமா என்று ஈரத்துணி விரித்துக் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து, கல்யாண வீட்டுக்குள் வருவதுபோல் அடியெடுத்து வந்தார்கள். எங்கள் ஊரிலும் எறும்பு இருக்கிறது, எங்களை யாரும் கேட்கவில்லையே என்று அவர்கள் சொன்னபோது நாலுவேம்புக்காரர்கள் பெரிய மனசோடு, கேப்பாக, கேப்பாக, ஒங்களுக்கும் ஒரு காலம் வரும் என்றார்கள்.

நஸீமா போன் செய்து, குப்பிகள் காலியாக இருக்கின்றன, மூடிகள் கழன்று கிடக்கின்றன, இதை மேலிடத்தில் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை, தீபாவளி முடிந்ததும் திரும்பி வந்துவிடுவார்களா என்று கேட்டாள். வராமல் என்ன, ரொம்ப நாள் தாய் வீட்டில் தங்கினால் ஊர் என்ன பேசும், நீயும் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரித்தான், உனக்கும் ஒரு டப்பா பலகாரம் கொடுத்து விடுகிறோம் என்று பாக்கியத்தாய் பதில் சொன்னாள். வேலைக்கார எறும்புகள் கல்யாணம் செய்துகொள்வதில்லை என்றுதான் நஸீமா படித்திருந்தாள். அதை அவள் போனில் சொல்லவில்லை.

எல்லா வீட்டுக்கும் ஒரு ஜோடி வந்தது. குருவம்மாள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

முதல் நாள் அவள் அதைக் கண்டுகொள்ளாததுபோல் நடந்தாள். பெரிய இடத்தில் வாக்கப்பட்டவள், மெதுவாகத்தான் வருவாள் என்றாள். இரண்டாம் நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் வேலைக்கே போகவில்லை. தீபாவளி ஆர்டர் மலைபோல் குவிந்திருக்க, கொப்பரையை யாரோ ஒரு கற்றுக்குட்டியிடம் விட்டுவிட்டு, பைபாஸ் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு துரும்பு அசைந்தால் எழுந்தாள். ஓர் எறும்பு தனியாக வந்தால் குனிந்து காலைப் பார்த்தாள், மஞ்சள் இல்லை என்றதும் உட்கார்ந்தாள். முறுக்குச் சுட்டு வைத்திருந்தாள், அது நமத்துப்போய் மறுபடி சுட்டாள். எதிர்வீட்டில் பாக்கியத்தாய் மாப்பிள்ளைக்கு அதிரசத்தைப் பிட்டுப் போட்டபடி இவளைப் பார்த்தும் பார்க்காததுமாக இருந்தாள். பாவம், அவள் ஒன்றுமே சொல்லவில்லை, குருவம்மாளால் தாங்க முடியாமல் இருந்தது அதுதான்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் தங்கமாரி ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"சாப்பிடாமக் கெடக்காதீங்க அத்தை" என்றாள். "அங்க வேலையா இருக்கும். விட்டுருக்க மாட்டாக."

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே ஆறுதலாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பருப்பு நனையப் போட்டாள். ஆனால் குருவம்மாளுக்குக் காப்பி இறங்கவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அதை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டும் என்று போனை எடுத்து நஸீமாவை அழைத்தாள்.

"ஏம்மா, ஊர்ப் பிள்ளைக அத்தனையும் வந்து பலகாரம் தின்னுக்கிட்டு இருக்கு. எம் பிள்ளைய மட்டும் ஏன் அடைச்சு வச்சிருக்கீக? தலை தீபாவளிக்கு ஒரு பொண்ண விடாம வச்சிருக்கியளே, நீங்கல்லாம் மனுசங்கதானா?"

"நாங்க அடைச்சு வைக்கலைம்மா" என்றாள் நஸீமா. "மத்த மூடியெல்லாம் தானாக் கழண்டுருச்சு. ஒங்க குப்பி மட்டும் அசையல. நீங்க ஊத்தி அடைச்ச பாகும்மா அது. உள்ள அது மூடிய முட்டி முட்டிப் பாக்குது. வெளிய ஒருத்தர் இறக்கையோட குப்பியவே சுத்திச் சுத்தி வாராரு. ஒடைச்சிருவேன், ஆனா அது ஒங்க சீரு, ஒங்ககிட்டக் கேக்காம எப்படின்னுதான்..."

குருவம்மாளின் கை போனோடு மடியில் இறங்கியது. ஊர் முழுக்க மெச்சிய அடைப்பு. அதைவிடக் கெட்டியாக இந்த ஜில்லாவில் யாரும் அடைக்க முடியாது, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அடுப்படியில் தங்கமாரி பருப்பைக் கழுவும் சத்தம் கேட்டது, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊற்றி, மறுபடி கொட்டி. இந்த நேரத்துக்கு மேலக்காட்டில் ஒருத்தி இதே மாதிரி ஒரு படியில் உட்கார்ந்து, வராதவளுக்குச் சுட்ட முறுக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று குருவம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு. வயசுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

போனைத் திரும்பக் காதில் வைத்தாள். "வெந்நியில காட்டு தாயி. சூடு பட்டா எளகிரும். என்ன கெட்டியா இருந்தாலும் வெல்லந்தான அது" என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "யாத்தா தங்கமாரி, பருப்ப வடிச்சிட்டுச் சேலைய மாத்து. ஒம் புருசனுக்குப் போன் போடு, வேன எடுத்துட்டு வரட்டும். மேலக்காட்டுக்குப் போறோம்."

தங்கமாரி அடுப்படி வாசலில் ஈரக் கையோடு வந்து நின்றாள். "தட்டு வச்சுக் கூப்பிடலயே அத்தை."

"தட்டு என்ன தட்டு. நம்ம வீட்டுல இல்லாத தட்டா. நானே கொண்டுட்டு வாரேன்."

கிளம்பும்போதுதான் அவள் ஒரு காரியம் செய்தாள். தெருவைக் கடந்து, எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். அந்த வாசலை அவள் மிதித்துப் பல வருஷம் இருக்கும்.

"பாக்கியம்" என்றாள். "இனிமேத்தான் எம் மக அங்கருந்து கெளம்புறா. எப்ப வருவான்னு தெரியாது. வரும்போது வீடு பூட்டிக் கெடக்கும். நீ கொஞ்சம் ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிடு. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல, ஒனக்குத்தான் பக்குவம் தெரியும்."

சாவியை வாங்கிக்கொண்டபோது பாக்கியத்தாயின் கண் கலங்கியிருந்தது. "நீங்க போயிட்டு வாங்க மதினி" என்றாள். "பொண்ணு வந்து நிக்கிற வாசல் எதுவா இருந்தா என்ன, நான் பாத்துக்கிறேன்."

மேலக்காடு போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கத் தொடங்கியிருந்தது. தெருவில் பிள்ளைகள் முதல் வெடியை வெடித்துக்கொண்டிருந்தார்கள். வேன் நின்ற சத்தத்தில் சண்முகக்கனி வாசலுக்கு ஓடி வந்தாள். வந்தவள் மகளைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள், பிறகு குருவம்மாளைப் பார்த்துப் பயந்துபோய், "மதினி, போன்ல கூப்பிட்டது தப்புத்தான், இவுகளுக்குக் கால்..." என்று ஆரம்பித்தாள்.

குருவம்மாள் வேனிலிருந்து இறங்கி, வெற்றிலை பாக்கு, பழம், பூ, பட்டுச்சேலை, அடியில் தன் கையால் காய்ச்சிய பாகில் பிடித்த கடலைமிட்டாய் என்று நிறைத்த தட்டை அவள் கையில் கொடுத்தாள். "நீங்க கூப்பிட்டது சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் காது கேக்கல" என்றாள். ஆரத்தி கரைக்கச் சண்முகக்கனி உள்ளே ஓடினாள், குங்குமம் சிந்தியது, தீப்பெட்டி கிடைக்கவில்லை, கிடைத்தது. கட்டுப் போட்ட காலோடு சம்பந்தி நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கப் பார்த்தார். அம்மா தட்டோடு வெளியே வந்து தங்கமாரியின் எதிரில் நின்றபோது, சிரிப்பா அழுகையா என்று தெரியாத அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, ஒரு வாரமாகத் தான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று குருவம்மாள் நினைத்தாள். தனக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இது நடந்ததே, நான் கொண்டுவந்துதானே நடந்தது என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

சண்முகக்கனி தட்டைச் சுற்றப் போனவள் பாதியில் நிறுத்தினாள். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, இது ஒங்க ஊரு எறும்பா?" என்றாள். "காலுல மஞ்சள் இருக்கே."

வாசற்படிக்கு வெளியே, தங்கமாரிக்கும் வேல்ராஜுக்கும் பக்கத்தில், அவர்களைப் போலவே உள்ளே அழைப்பதற்குக் காத்துக்கொண்டு ஒரு ஜோடி நின்றது. கண்ணாடித் துண்டுபோல் மினுங்கும் ஒரு பாகுத் துணுக்கு எறும்புப் பெண்ணின் முதுகில் இன்னும் ஒட்டியிருந்தது. அவர் மலைக்காட்டுக்காரர், கருநீல முதுகு, இறக்கையை மடக்கி மரியாதையாக ஓரடி பின்னால் நின்றார். நாலுவேம்பில் பூட்டிய வீட்டுக்கு அவர்கள் போகவேயில்லை; அம்மா எங்கே இருக்கிறாளோ அங்கேதானே பெண் வருவாள்.

குருவம்மாள் அவர்களைக் கிட்டத்தில் பார்க்கக் கையை ஊன்றி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சண்முகக்கனி இன்னொரு தட்டுக்கு எல்லாம் போகவில்லை. இருந்த தட்டிலேயே, முதலில் பெரிய ஜோடிக்கு, பிறகு குனிந்து, சேலை மண்ணில் பட, சின்ன ஜோடிக்கு என்று ஆரத்தி சுற்றி, "வாங்க தாயி, வாங்க மாப்பிள்ளை, வலது காலை எடுத்து வச்சு வாங்க" என்று எல்லோருக்குமாகச் சொன்னாள். எது வலது கால் என்று அவர்கள் ஒரு கணம் யோசித்ததுபோல் இருந்தது, பிறகு படி ஏறினார்கள்.

வெடியை விட்டுவிட்டுத் தெருவே கூடிவிட்டது. யார் வந்திருக்கிறது, எந்த ஊர், குனிந்து என்ன பார்க்கிறீர்கள் என்று ஆளுக்கு ஒரு கேள்வி. குருவம்மாள் எழுந்தாள், முந்தானையை இழுத்துச் சொருகினாள், மண் ஒட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைசி வீட்டுக்காரனுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எம் மக வந்துருக்கா. நான் பொண்ணப் பெத்தவ."